மானிட்டரின் ஓரத்துப் பொத்தான்

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அங்கிருந்து ஏன் வெளியே வந்தாய் என்று கேட்பவர்களிடம் "தூரமா இருந்துச்சு" என்று சொல்லிவிடுவேன். அதில் உண்மை இல்லை. எங்கள் ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் அரை மணிக்குள் போய்விடலாம். நான் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு மானிட்டரும், கூடப் பிறந்தவளைப் போல நான் நம்பிய ஒருத்தியும்.

அந்த மானிட்டர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எங்கள் டாக்டர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியது, ரிசப்ஷனில் பில் போட வைத்திருந்தது போன்ற ஒரு சாதாரணத் திரையில்தான். அவர் ஓனரிடம் பல மாதம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு ஒரு நாள் பெட்டி வந்து இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் படங்களுக்கென்றே வைத்திருக்கும் ரகம் இல்லை. அன்றாட வேலைக்கும் ஆகும், மெனுவில் போய் மாற்றினால் எக்ஸ்ரே பார்க்கவும் ஆகும் என்கிற இரண்டுங்கெட்டான் ரகம். டாக்டர் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு, "சரி, இல்லாததுக்கு இது மேல்" என்றார். ஓனருக்கு அது கேட்டிருக்காது.

டாக்டர் அறுபதை நெருங்கியவர். தினமும் மூன்று மணிக்கு வருவார், அன்றைக்கு எடுத்த படங்களை எல்லாம் பார்ப்பார், ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவார். அன்றைக்கு என்னையும் உட்கார வைத்து, ஒரே ஒரு நெஞ்சுப் படத்தைத் திரையில் போடச் சொல்லி, மோடு மோடாக மாற்றிக் காட்டச் சொன்னார். முதலில் சினிமா மோடு. விலா எலும்புகள் பளீரென்று வெள்ளையாகவும் நுரையீரல் மை கொட்டியது போலக் கருப்பாகவும் தெரிந்தன. "நல்லா இருக்குது சார்" என்றேன். "கட் அவுட் வைக்கலாம்" என்றார். அடுத்து படிப்பதற்கான மோடு, எல்லாம் மஞ்சள் பூத்துப் போயிற்று. பிறகு எஸ்ஆர்ஜிபி, கலர் போட்டோக்காரர்கள் வைத்துக்கொள்வது. கடைசியாக டைகாம், எக்ஸ்ரே மாதிரிப் படங்களுக்கென்றே உள்ளது. அதில் படம் சப்பென்று, சாம்பல் பூசியது போல இருந்தது.

"இதான்" என்றார் டாக்டர்.

"டல்லா இருக்குதே சார்."

"டல்லா இருக்கட்டும். இங்க பாரு, ஓரத்துல நூல் மாதிரி போற ரத்தக்குழாய் தெரியுதா? முன்னாடி மோடுல தெரிஞ்சுதா?"

திரும்பப் போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. கருப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைந்த கருப்புக்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன என்பதும், மற்ற மோடுகள் அழகுக்காக அந்தப் படிகளில் சிலவற்றை விழுங்கிவிடுகின்றன என்பதும், டைகாம் ஒவ்வொரு படியையும் கண்ணுக்குத் தனியாகக் காட்டும்படி அமைத்தது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கின. டிப்ளமோ படிக்கும்போது இதைப் பரீட்சைக்காக எழுதியிருக்கிறேன். பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு வெள்ளை பிளாஸ்திரியில் "மோடு மாற்றாதீர்கள்" என்று எழுதி மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒட்டினேன். எங்கள் தெருவில் கோட்டு போட்டு வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி நின்றவர்கள். எனக்கென்று ஒரு திரை, அதற்கு நான் வைத்த சட்டம் என்பது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் நம்பிய ஒருத்தி என்றேனே, அவளும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளும் டெக்னீஷியன்தான். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும், எனக்குப் புரியாது என்பதால் கொஞ்ச நேரத்தில் அவளே சிரித்துவிடுவாள். ஏழு வருஷமும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். என் டப்பாவில் கருவாடு இருந்தால் என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாள், அவள் வீட்டில் அதெல்லாம் சமைப்பதில்லை. என் பிரசவத்தின்போது இரண்டு மாதம் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வீட்டுக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வாசலிலேயே பேசிவிட்டு வந்திருக்கிறேன். மாமியார் ஒரு மாதிரி என்று அவள் ஒரு முறை சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய கொழுந்தனார் வீட்டில் நெய்கிற புடவைகளை அவள் வாட்ஸாப்பில் விற்றுக்கொண்டிருந்தாள். போனில் படம் எடுத்து, கொஞ்சம் திருத்தி, ஸ்டேட்டஸில் போடுவாள். ஒரு நாள் சாப்பிடும்போது கையைக் கழுவாமலே அழுதுகொண்டிருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு புடவை திரும்பி வந்துவிட்டதாம். படத்தில் அரக்குச் சிவப்பு, கையில் வந்தது வேறு சிவப்பு என்று அந்த அம்மாள் திட்டியிருக்கிறார்.

"போனு ஒரு கலர் காட்டுது, அது ஒரு கலர் காட்டுது, நான் இன்னாடி பண்ணுவேன்? நம்ம பெரிய மானிட்டர்ல போட்டுத்தான் பாத்தேன். அப்பயும் இப்டி ஆயிடுச்சி."

அவள் டாக்டரின் அறைத் திரையில் புடவைப் படம் திருத்துகிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அந்த அறை சும்மாதான் இருக்கும். நான் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லையே என்கிற கித்தாப்பு.

"டைகாம்ல வச்சிக்கினு கலர் பாத்தா எப்டி சரியா வரும்? அது கருப்பு வெள்ளைக்கு. கலர் வெளிறிப்போய் தெரியும், நீ அத ஏத்தி ஏத்தி விடுவ. வாங்குறவங்க போன்ல அது ரத்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கூட்டிக்கொண்டு போய் எஸ்ஆர்ஜிபி மோடில் போட்டுக் காட்டினேன். அவள் மடியில் வைத்திருந்த துணித் துண்டும் திரையில் இருந்த சிவப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவள் என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

மெனுவுக்குள் நாலு தடவை போய் மாற்றுவது அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அந்த மானிட்டரின் கீழ்விளிம்பில் வலது ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு, அதற்கு நாம் விரும்புகிற வேலையைக் கொடுக்கலாம். ஒரு முறை அழுத்தினால் எஸ்ஆர்ஜிபி, இன்னொரு முறை அழுத்தினால் டைகாம் என்று நான்தான் அதை அமைத்துக் கொடுத்தேன். "மூணு மணிக்கு முன்னாடி மாத்தி வச்சிடணும், மறக்கக் கூடாது" என்றேன். நான் ஒட்டிய பிளாஸ்திரிக்கு மேலேயே என் விரல் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. புடவைகள் திரும்பி வரவில்லை. நானும் தினமும் மூன்று மணிக்கு முன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

என்னைத் தினமும் ஏற்றிக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்காக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஓர இடத்தைப் பிடித்து வைப்பார். சில வாரங்களாக இருமிக்கொண்டே ஓட்டினார். அவர் மனைவியின் தொல்லை தாங்காமல் ஒரு நாள் எங்கள் சென்டருக்கே வந்துவிட்டார். படம் நான்தான் எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றால், பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு மதியம் நான் எக்ஸ்ரே அறையிலேயே இருந்தேன், கால் உடைந்தவர்கள் வரிசையாக வந்தபடி இருந்தார்கள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. டாக்டர் அறைத் திரையில் ஒரு மயில்கழுத்து நிறப் புடவை. "கலர் கரெக்டா இருக்குதா?" என்று எழுதியிருந்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அடுத்த சில நிமிஷங்களில் டாக்டர் வந்துவிட்டார். சாயங்காலம் சென்னையில் அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாண வரவேற்பாம், சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். நாலு மணிக்கெல்லாம் போய்விட்டார்.

ஆட்டோ அண்ணனின் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. உறையில் போட்டு நான்தான் கொடுத்தேன். "ஒண்ணும் இல்லண்ணே, நெஞ்சு சுத்தமா இருக்குது. சளி மருந்து மட்டும் சாப்புடுங்க."

"நீ சொன்னா சரிம்மா" என்றார். உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு அறையைப் பூட்டப் போனபோது, டாக்டர் கடைசியாகப் பார்த்த எக்ஸ்ரே படம் திரையில் அப்படியே இருந்தது. படம் அழகாக இருந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. ஓரத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை சப்பென்று ஆயிற்று.

அவள் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளைக் கேட்டேன்.

"டாக்டர் பாக்குறப்ப எந்த மோடுல இருந்துச்சி?"

"டைகாம்லதான். அவரு வண்டி சத்தம் கேட்டதும் மாத்திட்டேன்."

"நான் பூட்டப் போனப்ப வேற மோடுல இருந்துச்சே?"

"அவரு போனப்புறம் இன்னொரு போட்டோ பாத்தேன்டி. அப்ப மாத்தினது. இன்னா நீ போலீஸ் மாதிரி கேக்குற?" நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், "என் பொண்ணு மேல சத்தியம், போதுமா?" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை அவள் சென்டருக்குக் கூட்டி வரும்போதெல்லாம் நான்தான் தூக்கி வைத்திருப்பேன். அந்தச் சத்தியத்துக்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது. டாக்டரிடம், நேற்றைய படங்களை இன்னொரு முறை பாருங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பொத்தான் வெளியே வரும். சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆட்டோ அண்ணன் மறுபடியும் வந்தார். இடையில் பத்து நாளாக அவர் வண்டி ஓட்டவில்லை, ஊருக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் ஆள் இல்லாதது போல இருந்தார். இருமும்போது கைக்குட்டையில் சிவப்பு இருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "நீதானம்மா ஒண்ணும் இல்லன்னு சொன்ன?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார்.

அன்றைக்கு டாக்டர் படத்தைத் திறந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன். வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை. காசநோய் என்று சொல்ல டாக்டர் கூடத் தேவையில்லை. டாக்டர் உடனே பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் போட்டார். அதே இடத்தில் மேகம் போல லேசாக ஒரு மங்கல். இப்போது, இந்த மோடில், எனக்கே தெரிந்தது.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இருக்குதே. அன்னைக்கே இருந்திருக்குதே. நான் எப்படிம்மா விட்டேன் இத?"

நான் மானிட்டரின் ஓரத்துப் பொத்தானைப் பார்த்தேன்.

"அன்னைக்கு மானிட்டர் சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக் கேட்டார்.

கதவோரம் அவள் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் கையில் இருந்த ரெஜிஸ்டரைப் பார்த்தாள். "பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, உடை மாற்றும் சின்ன அறையில் அவளை நிறுத்திக் கேட்டேன். இந்த முறை அவள் சத்தியம் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திடீர்னு வந்துட்டாருடி. படத்த மூடுறதுக்குத்தான் நேரம் இருந்துச்சி. மோடு ஞாபகத்துக்கு வந்தப்ப அவரு உக்காந்து பாக்க ஆரம்பிச்சிட்டாரு. எப்டிப் போய் அமுக்குறது?"

"சத்தியம் பண்ணினியே."

"பயத்துல பண்ணிட்டேன்."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். நாளைக்குக் காலையில் டாக்டருக்குப் போன் செய்து, இரண்டு பேரும் சேர்ந்தே நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றேன். பொத்தான் வைத்தது நான், மாற்றாமல் விட்டது நீ, அவரவர் பங்கை அவரவர் சொல்லுவோம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகு நேரம் விடவே இல்லை. "நீ கூட இருக்கிறப்ப எனக்கு இன்னாடி பயம்" என்றாள்.

காலையில் நான் ஒன்பது மணிக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண், ஓனர் கூப்பிடுகிறார் என்றாள். ஓனர் பதினோரு மணிக்கு முன்னால் வருகிறவர் இல்லை. உள்ளே போனால் அவள் ஏற்கனவே நின்றிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்காகத்தான் காத்திருக்கிறாள், இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"டாக்டர் ரூம் மானிட்டர்ல மோடு மாத்துற பட்டன நீதான் செட் பண்ணியா?" என்றார் ஓனர்.

"ஆமா சார். அத சொல்றதுக்குத்தான்..."

"நோயாளி படம் பாக்குற மானிட்டர்ல இன்னாமா வெளையாட்டு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஓனரைப் பார்த்தே பேசினாள். "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் சார். எனக்கு அந்த மெனுவெல்லாம் தெரியவே தெரியாது. எல்லாம் இவதான் போட்டுக் குடுத்தா. போன்ல பாக்குறத பெரிசா பாக்கணும்னு இவளும் உக்காருவா. அன்னைக்குக் கடைசியா அந்த ரூமப் பூட்டுனதும் இவதான் சார்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. பொத்தானை வைத்தது நான். கடைசியாகப் பூட்டியதும் நான். அந்த உண்மைகளுக்கு நடுவே பொய்யைச் சொருகியிருந்தாள், நல்ல தறியில் இழை தெரியாத மாதிரி. ஏழு வருஷத்தில் நான் ஒரு நாளும் அந்தத் திரையில் எனக்காக எதையும் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம்தான் வந்தது. கோபத்தில் பேச்சு வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. நேற்று அவள் பிடித்திருந்த கை என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஓனருக்கு யாரை நம்புவது என்பதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் மாமனாரும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். "உன்னல்லாம் நம்பி உள்ள விட்டோம்" என்றார். அந்த "உன்னல்லாம்" இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி விளக்கம் எழுதச் சொன்னார். பொத்தானை அமைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றதை எழுதவில்லை. எழுதினால் அவளைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும் என்று அந்த நேரத்திலும் நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

அன்றிலிருந்து என்னை ரிசப்ஷனில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். டாக்டர் அறைக்குள் நான் போகக் கூடாது. நாலு நாள் உட்கார்ந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு போனாள். ஐந்தாம் நாள் போனில் எதையோ தேடும்போது அந்த மயில்கழுத்துப் புடவை கண்ணில் பட்டது. அவள் அனுப்பிய நேரமும் தேதியும் அதிலேயே இருந்தன. ஓனரிடம் நான் சொல்ல முடியாமல் போன அத்தனையும் அதில் இருந்தது. அதற்குக் கீழே என் கட்டைவிரலும் இருந்தது.

அதை மட்டும் வெட்டிவிட்டுக் காட்டலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு டாக்டர் காரிலிருந்து இறங்கும் இடத்தில் காத்திருந்து, போனை அப்படியே அவர் கையில் கொடுத்து, முதலிலிருந்து சொன்னேன். பொத்தான், புடவை, சத்தியம், நான் சொல்லாமல் விட்டது, எல்லாம். அவர் வெயிலில் நின்றுகொண்டே கேட்டார்.

"மோடு சரியா இருந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேனான்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். "கல்யாணத்துக்குப் போற அவசரத்துல இருந்தேன். கையெழுத்து என்னோடது. ஆனா மறுநாள் காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா திரும்பப் பாத்திருப்பேன். மூணு மாசம் மிச்சமாகியிருக்கும்."

"ஆமா சார்."

"நான் உங்க ரெண்டு பேரையும் நம்பித்தான் அந்த நாற்காலியில உக்காந்தேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அன்றைக்கே அவர் ஆட்டோ அண்ணனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த மாதத்துப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து திரும்பப் பார்த்தார். வேறெதுவும் விட்டுப்போகவில்லை. பொத்தானை எடுக்கச் சொல்லி, மெனுவுக்குப் பூட்டுப் போடச் சொல்லிவிட்டார். ஓனரிடமும் பேசியிருக்கிறார். ஓனர் என்னைக் கூப்பிட்டு, "சரி, பழையபடி எக்ஸ்ரே ரூமுக்கே போ" என்றார். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஆட்டோ அண்ணன் வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஊரிலேயே, ஏரிக்கரைப் பக்கம். அரசு ஆஸ்பத்திரி மாத்திரை ஆரம்பித்து, கொஞ்சம் சோறு இறங்க ஆரம்பித்திருந்தது. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு மோடு, மானிட்டர் எல்லாம் புரியாது என்று நினைத்திருந்தேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"டிவில கூட அப்டி மாத்தலாமே, என் பேரன் மாத்துவான்" என்றார். கொஞ்ச நேரம் இருமினார். "அந்தப் புள்ள என்கூடத்தான் படுப்பான். அவனுக்கும் டெஸ்ட் பண்ணி, வராம இருக்கறதுக்கு மருந்து குடுத்துக்கினு இருக்காங்க. ஆறு வயசு. தெனம் வாந்தி எடுக்குறான்."

அவர் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் யாரோ, எவரோ. அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. உன்ன தெனமும் ஏத்திக்கினு வந்தேனேம்மா. மறுநாளும் என் வண்டிலதான வந்த? எம் பின்னாலதான உக்காந்துக்கினு இருந்த?"

அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம், ஓனர் அறையில் எனக்கு என்ன நடந்ததோ அதையே நான் இவருக்குச் செய்திருக்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள்மீது எனக்கு இருந்த ஆத்திரம் அதனால் குறையவில்லை. குறையும் என்று எதிர்பார்த்தேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு அவருக்குக் குணமாகிவிட்டது. பேரனுக்கு நோய் வரவில்லை. அவர் மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். என்னைக் கண்டால் நிறுத்துகிறார், நானும் ஏறுகிறேன். ஓர இடத்தை யாருக்கும் பிடித்து வைப்பதில்லை.

எனக்கு ஓரிக்கைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போன வருஷம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கூட்டத்தில் அவள்தான் என்னை முதலில் பார்த்துப் பக்கத்தில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நல்லா இருக்கியா என்றாள், பாப்பா எப்படி இருக்கிறாள் என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

"பேச மாட்டியா?"

அவளிடம் கேட்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஒரு வருஷமாக அதைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அந்த அறையில் அவள் நிஜமாகவே என்னோடு வரத்தான் நினைத்தாளா, வீட்டுக்குப் போய் யாராவது பயமுறுத்தியதால் மனம் மாறினாளா? அப்படியென்றால் அந்தச் சாயங்காலம் வரையாவது அவள் என்னுடையவளாக இருந்திருப்பாள். கேட்டேன்.

அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு கீழே பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது கஷ்டமில்லை.

"உன் கையப் புடிச்சிக்கினு இருந்தப்பவே யோசிச்சிட்டேன்டி" என்றாள். "நீ எதிர்த்துப் பேச மாட்டன்னு தெரியும்."

ஓரிக்கை பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் அங்கேயே நின்றிருந்தாள், நான் கையசைப்பேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. கண்டக்டர் டிக்கெட் கேட்டார், அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.